திறந்து வைத்த குழாய்களை மூடிய ஊர்

"நான் தொறந்து வச்ச குழாயை எல்லாம் மூடினது யாரு?"

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை டோசியா புராக் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பள்ளியில் கடைசி வகுப்பு. சனிக்கிழமைகளில் எங்கள் ஊரான லாங்விக்கின் கூட்டுறவுக் கடையில், இரும்புச் சாமான் பக்கம் நிற்பேன். அவர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார். கையிலிருந்த இரும்புக் குழாயை என் முன்னால் மேசையில் போட்டார். முழங்கை நீளம் இருக்கும். நடுவில் நெடுக்காகப் பிளந்து, பிளந்த இடம் உதடு பிதுங்கியதுபோல் இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும், மிஸஸ் புராக்?" என்றேன்.

"உனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஆனா அவன் தெரிஞ்ச மாதிரி பேசறான்."

"எவன்?"

"பால்மி. வேற எவன்?"

எனக்கு உண்மையாகவே பதில் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பதில் கிடைப்பதற்குள் ஒரு கோடை போய்விட்டது. பதில் கிடைத்த பிறகுதான் உண்மையான சண்டையே தொடங்கியது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் ஏரிக்கரை மேட்டில் இருக்கிறது. வாசலருகே பம்பு அறை. அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய் மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் கிளம்பி, மெல்லிய சரிவில் இறங்கி, கீழே பள்ளத்தில் முடிகிறது. வழியில் ஒன்பது இடங்களில் அதிலிருந்து இரும்புக் குழாய்கள் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு தேவதாருக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், உச்சியில் திருகு வைத்திருக்கும். கோடை முழுவதும் கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். குளிர் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். எங்கள் குளிருக்கு ஓரடி மண் ஒரு கைக்குட்டை மாதிரி. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து உப்பும், இரும்பு பிளக்கும்.

வடிப்பது டோசியாவின் வேலை. அவர்தான் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். அக்டோபரில் பம்பை நிறுத்துவார். பள்ளத்தில் இருக்கும் அடைப்பைக் கழற்றுவார். பிறகு மேடேறி வந்து ஒன்பது குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைப்பார். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் பொத்தினால் சர்பத் உள்ளேயே நிற்கிறதே, அதுபோலத்தான். சரிவு குறைவு என்பதால் கடைசிச் சொட்டு இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஊதினால் ஒரே மதியத்தில் முடியும். அதற்கு ஊர்ச்சபை ஒவ்வொரு வருடமும் முடியாது என்றது.

அந்த மே மாதம் பம்பை ஓட்டியதும் மேட்டுப் பக்கத்துக் குழாய்கள் எல்லாம் பிளவுகளிலிருந்து பீய்ச்சின. பால்மி ஸ்டெஃபான்சன் வந்து பார்த்தார். ஊர்ச்சபையில் தண்ணீரும் சாலையும் அவர் பொறுப்பு. ஊரின் ஒரே பெட்ரோல் நிலையமும் அவருடையதுதான். ஒன்பது திருகுகளும் இறுக்கி மூடியிருந்ததை அவர் பார்த்தார். முடிவு கட்டிவிட்டார்.

பனித்தரையில் கல்லை வழுக்கி விளையாடும் கர்லிங் அரங்கின் மாடியில் சபை கூடியது. கூட்டங்களுக்குக் காப்பி போடுவது என் அம்மா. கோப்பைகளை அடுக்க நானும் போயிருந்தேன்.

"எல்லாம் மூடி இருந்துச்சு, டோசியா. ஒண்ணுகூடத் தொறந்து இல்ல. நீ தொறக்கவே இல்ல. மறந்துட்டே" என்றார் பால்மி.

"தொறந்தேன்."

"வயசாகுது. மறதி எல்லாருக்கும் வரும். நான் குத்தமா சொல்லலை."

"மறதி உனக்குத்தான் வந்திருக்கு. போன மாசம் என் பெட்ரோல் வண்டியில டீசலை ஊத்தினது யாரு?"

கூட்டம் சிரித்தது. பால்மிக்குக் காது சிவந்தது.

"அது கடையில வேலை செய்யற பையன் பண்ணினது."

"உன் கடையில தப்பு நடந்தா பையன். கல்லறையில நடந்தா டோசியா. நல்ல நியாயம்."

பால்மி மேசையைத் தட்டினார். இலையுதிர் காலத்தில் பொக்லைனைக் கொண்டுவந்து குழாய்கள் அத்தனையையும் பிடுங்கிவிடலாம் என்றார். "இந்த வருஷம் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து தண்ணி வேணுங்கிறவங்க வீட்டுலேர்ந்து கேன்ல கொண்டு வரட்டும்."

பின்வரிசையில் ரூனா எழுந்தார். எண்பதைத் தாண்டியவர், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் அந்த மேட்டில் இருக்கிறார்கள். "ரெண்டு கையும் இந்த வண்டியைப் பிடிச்சிட்டு இருக்கு, பால்மி. கேனைப் பல்லுல கடிச்சிட்டு வரவா?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் தலையை ஆட்டியவர்கள் எல்லாரும் பால்மி பக்கம்தான் ஆட்டினார்கள். உடைந்த குழாய் யாருக்குத்தான் பிடிக்கும்?

டோசியா உட்காரவில்லை. "ஒரு குளிர்காலம் குடுங்க. ஒரே ஒரு குழாய் வெடிச்சாலும், பொக்லைன் வரும்போது கேட்டை நானே தொறந்து விடறேன். வெடிக்கலைன்னா அதுக்கப்புறம் அந்தக் குழாயைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது."

"ஒண்ணுன்னா ஒண்ணு" என்றார் பால்மி.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். எனக்கும் எண்ணத் தெரியும்."

டோசியாவைத் தெரியாதவர்களுக்கு இதில் அவருக்கு என்ன வந்தது என்று தோன்றும். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஒருவர்கூட இல்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஐஸ்லாந்திலிருந்து வந்த மீனவர்களின் வழிவந்தவர்கள். அவர் மேற்கே புதர்க்காட்டு நிலத்தில் உக்ரேனியக் குடும்பத்தில் பிறந்தவர், மீன் பதனிடும் கூடத்தில் சமையல் வேலைக்காக வந்தவர். கணவர் எண்ணெய்க் கிணற்று வேலை என்று ஆல்பர்ட்டா மாகாணத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. டோசியா அவரைத் தேடவும் இல்லை. "போறவனுக்கு வழி தெரியும். வர்றதுக்கும் அதே வழிதானே" என்பாராம். பிறகு பல வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அதனால்தான் என் வயதுக்காரர்கள் அவரை மிஸஸ் புராக் என்கிறோம். மற்றவர்களுக்கு டோசியா.

பேருந்துக் கதை ஒன்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் ஒரு மாலை, ஒரு பையன் வராமல் பேருந்து நின்றது. நேரமாகிவிட்டது, கிளம்பு என்றார் தலைமை ஆசிரியர். முடியாது என்றார் டோசியா. அப்படியானால் நானே ஓட்டுகிறேன் என்று தலைமை ஆசிரியர் படியில் கால் வைத்தார். டோசியா சாவியைப் பிடுங்கிச் சன்னல் வழியாகப் பனிக் குவியலில் எறிந்துவிட்டார். பையன் வந்து சேர்ந்தான். பிறகு பேருந்திலிருந்த எல்லாப் பிள்ளைகளும், கூடவே தலைமை ஆசிரியரும், மண்டியிட்டுச் சாவியைத் தோண்டினார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. என் கையுறைதான் முதலில் சாவியைத் தொட்டது என்று இன்றும் நான் சொல்லிக்கொள்வேன். என்னைப்போல் இன்னும் பத்துப் பேர் சொல்கிறார்கள்.

கல்லறை வேலைக்கு அவர் வந்தபோது, "உனக்கு இங்க யாரு இருக்கா?" என்று சிலர் குத்தினார்கள். "யாரும் இல்ல. அதனாலதான் எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி தொடைக்கறேன்" என்றார். அது உண்மைதான். பணக்காரக் கல்லும் பலகைச் சிலுவையும் அவர் கையில் ஒரே பாடு பட்டன.

அந்தக் கோடையில் பிளந்த குழாய்களை மாற்றினார். வாரம் ஒருமுறை என் கடைக்கு வருவார். நான் பள்ளியை முடித்துவிட்டு முழுநேரமும் அங்கேயே நின்றிருந்தேன். வின்னிபெக் நகரத்துக்குப் போய்விட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு, தினமும் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவன்தான் மூடியிருக்கான்" என்பார். "பால்மி. இல்லன்னா அவன் ஆளு. குழாயைப் பிடுங்கினா அவனுக்கு ஒரு தொல்லை கொறையும்."

"அவரு அப்படிச் செய்வாரா?"

"அக்டோபர்ல கையும் களவுமாப் பிடிக்கறேன். நீயே பாரு."

அக்டோபரில், அறுவடைக்கு நன்றி சொல்லும் நன்றித் திருநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும் ஊரே கல்லறை மேட்டுக்குப் போகும். கோடைப் பூந்தொட்டிகளை எடுத்து, கற்களைக் கழுவி, குளிருக்கு வீட்டை மூடிவைப்பதுபோல ஒரு வேலை. சிலர் அதைச் சனிக்கிழமையே முடித்துவிடுவார்கள். அதுவரை தண்ணீரை நிறுத்தக் கூடாது என்பது சபையின் கட்டளை. அந்த வருடம், மூடுகிற ஆளைப் பிடிக்கவென்றே, டோசியா சனிக்கிழமை மாலையே நிறுத்திவிட்டார். ஞாயிறு கழுவுவதற்குத் தன் பிக்கப் வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் நிரப்பி வாசலில் நிறுத்தினார். குழாய்களைத் திறந்து வைத்துவிட்டு, காலையிலிருந்து வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அம்மாவும் தாத்தாவின் தொட்டியை எடுக்கப் போயிருந்தோம். அதனால் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

முதலில் ரூனா. நடைவண்டியை உருட்டிக்கொண்டு மேல் குழாயைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பினார். ஒரு கையை எடுத்துத் திருகை இறுக்கி மூடினார். மறுபடி நடந்தார்.

டோசியா வண்டியிலிருந்து குதித்தார். "ரூனா! என்ன பண்றீங்க?"

"குழாய் தொறந்து கெடந்துச்சு, எல்ஸ்கன்." ரூனா எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார், செல்லமே என்று அர்த்தம்.

"அதுல தண்ணியே வரலையே!"

"வந்தா?"

டோசியா அந்தத் திருகைத் திரும்பத் திறந்தார். அதற்குள் அடுத்த குழாயைக் குழந்தையோடு வந்த ஒருவர் மூடினார். மூன்றாவதை அவருடைய சின்ன மகள் ஓடிப்போய், குதித்து எட்டி, இரண்டு கையாலும் மூடினாள். அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார். நாலாவதை என் அம்மா மூடினார். பேச்சை நிறுத்தாமல், நடையை நிறுத்தாமல், கதவைச் சாத்துவதுபோல.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊர்க் கிணறுகள் ஒரு காலத்தில் தாமாகவே பொங்கி வழிந்தவை. குழாயை மூட வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை, இரவு பகலாக ஓடவிட்டார்கள். ஒரு கோடையில் எல்லாக் கிணறும் ஒன்றாக அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் வகுப்பில் எழுத்துக்கு முன் கற்றுத்தருவது, திறந்த குழாயைப் பார்த்தால் மூடு என்பதுதான். எங்களுக்கு அது யோசித்துச் செய்யும் காரியமில்லை. கை போய்விடும்.

டோசியா வேற்றூர்க்காரர். அவர் கை போகாது. இத்தனை வருடம் எங்களோடு வாழ்ந்தும் அவர் கவனிக்காத ஒரே விஷயம் அதுதான். வழக்கமாக எல்லாரும் தொட்டிகளை எடுத்துப்போன பிறகுதான் அவர் குழாய்களைத் திறப்பார்; போன வருடம் வெயில் நீண்டதால் அதற்குப் பிறகும் ஊர் மேட்டுக்கு வந்துபோனது.

அப்போது பால்மி வந்து சேர்ந்தார். கையில் அவர் அம்மாவின் தொட்டி.

"என்ன டோசியா, திருடனைப் பிடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தண்ணியை நேத்தே நிறுத்திட்டியாமே. சபை என்ன சொல்லியிருக்கு? ஞாயித்துக்கிழமை வரைக்கும்னு சொல்லியிருக்கா இல்லையா? ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பண்ணினா..."

பேசிக்கொண்டே தொட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையால் ஐந்தாவது குழாயின் திருகை மூடினார். இறுக்கினார். சரிபார்க்க ஒருமுறை அசைத்தும் பார்த்தார்.

"பால்மி" என்றார் டோசியா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "உன் கை எங்க இருக்கு?"

பால்மி கையைப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்தார். "நான் மூடலை."

"இப்ப மூடினே."

"சும்மா தொட்டேன்."

"அப்பத் தொறந்து காட்டு."

அவர் திறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார்கள். போன அக்டோபரில் தாங்கள் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. டோசியா காத்திருந்தார். "மன்னிச்சிடு" என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பால்மி மட்டும் போகிற போக்கில், "இதுதான் காரணம்னா ஒரு போர்டு எழுதி வச்சாப் போச்சு" என்றார். "ஆனா கணக்கு கணக்குதான். ஒண்ணு வெடிச்சாலும் பொக்லைன்."

டோசியா போர்டு எழுதி வைத்தார். எழுத்து சிவப்பில், பெரிதாக. மூடாதீர்கள். மக்கள் நின்று படித்தார்கள், தலையாட்டினார்கள், மூடினார்கள். பிறகு ஒவ்வொரு குழாயிலும் சிவப்புத் துணி கட்டினார். யாரோ ஒருவர் அத்தனையையும் அவிழ்த்து, அழகாக மடித்து, பம்பு அறை வாசலில் கல் வைத்து அடுக்கிவிட்டுப் போயிருந்தார். குழாய்கள் மூடியிருந்தன.

என் கடைக்கு வந்தார். "கையால கழட்டற மாதிரி காது வச்ச நட்டு இருக்கா?"

பழைய திருகுகளின் கைப்பிடிகள் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. அவற்றை வெட்டியெறிந்துவிட்டு, புதிய கைப்பிடிகளை அந்த நட்டில் பொருத்தினார். இனி குளிர்காலத்தில் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துப்போய்விடலாம். பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் எப்படி மூடுவார்கள்? நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து கிரிமர் என்ற மீனவர் கடைக்குள் வந்தார். டோசியா அங்கேதான் நின்றிருந்தார்.

"டோசியா, கல்லறைக் குழாய்ல கைப்பிடி எல்லாத்தையும் எவனோ திருடிட்டான்" என்றார் கவலையாக. "நீ ஒண்ணும் பயப்படாதே. எல்லாத்தையும் குறடு போட்டு நல்லா இறுக்கி மூடிட்டேன்."

டோசியா உக்ரேனிய மொழியில் ஏதோ சொன்னார். கிரிமர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றபடி போனார்.

அவர் போனதும் டோசியா பெயிண்ட் டப்பாக்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊர்க்காரங்க கையைக் கட்டி வைக்கவா முடியும்? குழாய் மாதிரி எது தெரிஞ்சாலும் மூடுவாங்க." சட்டென்று எழுந்தார். "மூடட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் மூடட்டும். மூடினாலும் வடியற மாதிரி ஒரு வழி பண்றேன்."

அவர் செய்த வழி இதுதான். நிமிர்ந்த குழாயை, திருகுக்குச் சற்றுக் கீழே அறுத்து, நடுவில் T எழுத்து வடிவில் மூன்று வாய் உள்ள ஓர் இணைப்பைச் சேர்ப்பது. மூன்றாவது வாயில், கம்பத்துக்குப் பின்பக்கமாக, தரையைப் பார்த்தபடி ஒரு சின்ன வால்வு. முன்னாலிருந்து பார்த்தால் கம்பம்தான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தாலும் அது குழாய்போல் இருக்காது, கட்டை விரல் அளவுள்ள ஒரு தகட்டுக் கைப்பிடிதான். அக்டோபரில் அதைத் திறந்துவிட்டால் காற்று அதன் வழியாக உள்ளே போகும். மேலே உள்ள திருகை ஊரே சேர்ந்து இறுக்கினாலும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சாமான்களைத் தன் கைக்காசில் வாங்கினார். செய்தி பால்மிக்குப் போனது. கடைக்கே வந்துவிட்டார்.

"அது ஊர்ச் சொத்து, டோசியா. ஒட்டுப்போடறது வேற, நல்லா இருக்கிற குழாயை அறுக்கறது வேற. ஒரு குழாயை அறுத்தாலும் உன் வேலை போயிடும்."

"அறுக்கறதைப் பாக்கணும்னா நாளைக்குக் காலையில வா. வரும்போது காப்பி எடுத்துட்டு வா. குளிரா இருக்கும்."

"நான் விளையாடலை."

"நானும்தான். பால் ஊத்தாம எடுத்துட்டு வா."

பால்மி வந்தார், காப்பி இல்லாமல். நான் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். ஏரியிலிருந்து காற்று கத்தியாக வந்துகொண்டிருந்தது. டோசியா முதல் குழாயில் ரம்பத்தை வைத்து, பால்மியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். இரும்புத் தூள் அவர் கையுறையில் விழுந்தது. பால்மி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது குழாயில் பிளேடு முறிந்தது. டோசியா நிமிர்ந்தார்.

"வண்டியில பிளேடு வச்சிருக்கியா?"

பால்மி அவரைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் கருவி கேட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. அவர் முணுமுணுத்துக்கொண்டே போய், ஒரு பிளேடை எடுத்துவந்து கொடுத்தார்.

"இதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல."

"உன்கிட்ட யாரு ஒப்புதல் கேட்டா? பிளேடுதானே கேட்டேன்."

ஒன்பதையும் முடித்தார். பின்பக்க வால்வுகளைத் திறந்துவிட்டார். மூடட்டும் என்று மேல் திருகுகளின் கைப்பிடிகளையும் திரும்ப மாட்டினார். ஊர் வந்து மூடியது. பள்ளத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வேலை நீக்கத்தை வசந்தத்தில் பேசிக்கொள்ளலாம் என்றது சபை. கல்லறைப் பாதையில் பனி தள்ள வேறு யார் கிடைப்பார்கள்?

அந்தக் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. உறைந்த ஏரியின்மேல் லாரிகள் ஓடின. கர்லிங் அரங்கில் பந்தயம் கட்டினார்கள், தோற்றவர் வீட்டில் வினார்டெர்டா என்ற ஐஸ்லாந்து அடுக்குக் கேக் செய்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்க வேண்டும். டோசியா ஜெயிப்பார் என்று கட்டியது மிகச் சிலர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தினமும் அரங்குக்கு வந்து, நடு மேசையில் உட்கார்ந்து, காப்பி குடித்தார்.

"டோசியா, எத்தனை வெடிச்சிருக்கும்?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"உன் வாய் ஒண்ணுதான் வெடிச்சிருக்கு. மூட ஆளில்ல."

ஒருமுறை மட்டும் என் கடையில், வேறு யாரும் இல்லாதபோது, கையுறை பார்ப்பதுபோல் நின்றுகொண்டு கேட்டார். "இரும்பு பொளக்கறப்போ வெளியில சத்தம் கேக்குமா?"

"பயமா இருக்கா, மிஸஸ் புராக்?"

"கேக்குமான்னுதானே கேட்டேன்? பயம்னு சொன்னேனா?" கையுறையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மே மாதம் தண்ணீர் விடும் நாளுக்கு அழைப்பே தேவைப்படவில்லை. பாதி ஊர் மேட்டில் நின்றது. பொக்லைன்காரரும் சும்மா பார்க்க வந்திருந்தார். டோசியா பள்ளத்து அடைப்பைப் போட்டார். கம்பங்களுக்குப் பின்னால் குனிந்து குனிந்து வால்வுகளை மூடிக்கொண்டு வந்தார். வழியில் ரூனா கையைப் பிடித்து ஏதோ பேசினார். பிறகு டோசியா பம்பு அறைக்குள் போனார்.

பம்பு உறுமியது. முதல் குழாயின் திருகைத் திறந்தார்கள். இருமியது, துரு துப்பியது, பிறகு தண்ணீர். இரண்டாவது, தண்ணீர். போன வருடம் பிளந்த மேட்டுக் குழாய்கள் எல்லாம் நின்றன. ஆறாவது. ஏழாவது.

எட்டாவது கம்பத்தின் பின்னாலிருந்து திடீரென்று தண்ணீர் சீறி மண்ணைக் கிளப்பியது. அங்கே நின்றிருந்த பால்மியின் கால்சட்டை முழங்கால்வரை சேறானது.

"வெடிச்சாச்சு!" என்று கத்தினார். "ஒண்ணுன்னா ஒண்ணு! எல்லாரும் பாத்துக்கோங்க!"

டோசியா பம்பு அறையிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. கம்பத்துக்குப் பின்னால் கையை விட்டு, கட்டை விரலால் எதையோ தள்ளினார். தண்ணீர் நின்றது. திருகைத் திறந்தார். தெளிந்த தண்ணீர் கொட்டியது. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை.

"வெடிக்கலை. வால்வை மூட மறந்துட்டேன்" என்றார்.

"மறந்துட்டே" என்றார் பால்மி. அந்த வார்த்தையை அவர் ஒரு வருடமாக வைத்திருந்தார்.

"ஆமா, மறந்தேன். ரூனாகிட்டப் பேசிட்டு இதைத் தாண்டிப் போயிட்டேன். மறந்தா மறந்தேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு." ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார், பால்மியை மட்டும் பார்க்கவில்லை. "குழாய் வெடிச்ச அந்த வருஷம் மறக்கலை. தொறந்தேன். ஒன்பதையும் தொறந்தேன்."

ஒன்பதாவதைத் திறந்தார்கள், அதிலும் தண்ணீர் வந்தது. பொக்லைன்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் வண்டிக்குப் போனார். பால்மி தன் கால்சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டார். பிறகு ரூனாவின் பூவாளியை வாங்கி, நிரப்பி, அவர் பிள்ளைகளின் கல்வரைக்கும் தூக்கிப்போய் வைத்தார். டோசியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் வேலை நீக்கப் பேச்சும் எழவில்லை.

குழாய்கள் நிற்கின்றன. டோசியாவும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னும் "டோசியா மறந்த வருஷம்" என்றுதான் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொல்கிறார்கள். தாங்கள்தான் மூடினோம் என்று சொல்வதைவிட அது எளிது. டோசியா முன்னால் சொன்னால் அவர் விடமாட்டார், அங்கேயே சண்டை பிடிப்பார். அவர் இல்லாத இடங்களில் அது அப்படியே நின்றுவிடுகிறது.

நான் இந்த மாதம் வின்னிபெக் போகிறேன். அதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன். இதைப் படிக்கிற நீங்கள் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெயர்களை மாற்றிக்கொள்ளலாம், ஊரை விட்டுவிடலாம், பேருந்துச் சாவியை வேண்டுமானால் பெரிதாக்கிக்கொள்ளலாம். அவர் மறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள். டோசியா புராக் ஒன்பது குழாய்களையும் திறந்துதான் வைத்தார்.